‘பூரண குணம்’ கேட்கும் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு

மதிப்பிற்குரிய மேலாண்மை இயக்குநர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் போக்குவரத்துக் கழகத்தில் 21 ஆண்டுகளாக நடத்துநராக இருப்பவன் எழுதும் எட்டாவது கடிதம் இது. முதல் ஏழும் ‘உரிய வழியாக’ வந்தவை. கிளை மேலாளர் பார்த்து, கோட்ட மேலாளர் பார்த்து, பொது மேலாளர் பார்த்துத் தங்களிடம் வந்திருக்க வேண்டியவை. அவற்றில் இரண்டுக்கு ஒப்புகை கிடைத்தது. ஒன்றுக்கு, வேறு யாருக்கோ எழுதிய பதில் என் பெயர் போட்டு வந்தது. மற்ற நான்கும் எந்த ஸ்டேஜில் இறங்கிப்போயின என்று தெரியவில்லை. அதனால்தான் எட்டாவதை நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். பணிச்சுமைக்கு நடுவே தொந்தரவு செய்வதற்குத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

என் பெயரையோ கழகத்தின் பெயரையோ பணிமனையின் பெயரையோ இதில் போடவில்லை. என் கோப்பு ஒரே ஒரு முறை தங்கள் மேஜைக்கு வந்திருந்தாலும் இதற்குள் நான் யாரென்று தங்களுக்குப் புரிந்திருக்கும். புரியவில்லை என்றால், அதையே என் முதல் புகாராக எடுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு ஜனவரியில், கடைசி டிரிப் முடிந்து கலெக்‌ஷன் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு மூச்சு முட்டியது. அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்றார்கள். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பு. சர்க்கரைக்கும் கொதிப்புக்கும் சிறுநீரகத்தைத் தின்கிற பழக்கம் உண்டு என்பது 48 வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரத்தை இயந்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். அந்த இரவுகளில் எழுந்து நிற்கத் தெம்பு இருக்காது என்பதையும் மறைக்கவில்லை. விடிந்தால் நான் பழைய ஆள்தான். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. காபி, ரசம், மோர் எல்லாம் அதிலேயே அடக்கம். மற்றபடி நடக்கிறேன், கணக்குப் பார்க்கிறேன், எந்த ஸ்டேஜிலிருந்து எந்த ஸ்டேஜுக்கு என்ன கட்டணம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இடது கை ஒன்றைத்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டுக்கு மேலே தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். டயாலிசிஸ் ஊசிகள் இரண்டும் அதில்தான் ஏறும். அதன்மேல் விரலை வைத்தால், புறப்படாமல் என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் கம்பியைத் தொட்டமாதிரி உள்ளே அதிரும். தினமும் காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாக அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். அது நின்றுபோனால் ரத்தம் உறைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கழுத்தில் குழாய் போட வேண்டும், மறுபடி அறுவை சிகிச்சை, மறுபடி முதலிலிருந்து எல்லாம். அதனால் அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக்கூட அதில் சுற்றக் கூடாது.

ஜூன் மாதம் வேலைக்குத் திரும்ப விண்ணப்பித்தேன். ‘பூரண குணமடைந்து, அனைத்துப் பணிகளுக்கும் தகுதியானவர்’ என்று சான்று வாங்கி வரச் சொன்னார்கள். சிறுநீரக மருத்துவர் அந்தத் தாளைப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். “இந்த நோய்ல அந்த வார்த்தையே கிடையாதுங்களே” என்றார். பிறகு தனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தார்: உடல்நிலை சீராக உள்ளது, இலகுவான பணி செய்யலாம், இடது கைக்குப் பாரம் கூடாது, இரவுப் பணி கூடாது. மெடிக்கல் போர்டும் அதையே எழுதியது. பணிமனை அலுவலகத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எழுத்தர், “அண்ணே, இது ஃபிட்டா, அன்ஃபிட்டா? ஃபாரத்துல ரெண்டு கட்டம்தானே இருக்கு” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஃபாரம் அவர் அடித்ததில்லை.

இனி எழுதப்போவதைத் தாங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. ‘உடல்திறன் சரிபார்ப்பு’க்குக் காலை பத்தரைக்கு வரச்சொல்லி மெமோ வந்தது. வியாழன் எனக்கு ஊசி நாள், நாலு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். பத்து மணிக்கே போய்விட்டேன். இரண்டு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு மூன்று அதிகாரிகள் வந்து, டீசல் பங்க் பக்கத்தில் நின்ற ஒரு ஸ்பேர் வண்டிக்குக் கூட்டிப்போனார்கள். தோளில் பையை மாட்டினார்கள். உள்ளே சில்லறைக்குப் பதிலாகப் பழைய டிக்கெட் ரோல்களும் ஒரு ஸ்பேனரும் இருந்தன. எடைக்காக.

“வண்டி ஓடும். இடது கையால மேல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, முன்படியிலேருந்து பின்படி வரைக்கும் போயிட்டு வாங்க.”

இடது கைக்குப் பாரம் கூடாது என்கிற போர்டின் கடிதம், அவர்கள் கையில் இருந்த அதே கோப்பில், மேலிருந்து மூன்றாவது தாளாக இருந்தது. எடுத்துக் காட்டினேன். “அதான் சரிபார்க்கிறோம்” என்றார் ஒருவர்.

ஸ்டியரிங்கில் இருந்தவர் என்னோடு ஆறு வருடம் ஒரே வண்டி ஓட்டிய அண்ணன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வலது கையால் கம்பியைப் பிடித்தேன். இடது கையை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். சம்பளம் இல்லாமல் பல மாதம் ஓட்டியவன் வேறென்ன செய்வேன்? வண்டி நகர்ந்தது. முற்றத்தை ஒரு சுற்று வந்ததும், “பிரேக் போடுய்யா, பேலன்ஸ் பார்க்கணும்” என்று குரல் வந்தது. அண்ணன் பிரேக்கைத் தொடவில்லை. கியரை நியூட்ரலில் தள்ளி, வண்டியை உருட்டியே கொண்டுபோய் நிறுத்தினார். கேட்டதற்கு, “ஏர் இறங்கியிருக்கு சார்” என்றார். ஆறு வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அது. அதற்காக மெமோ கொடுக்க நினைத்தால் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

மூன்றரைக்கு விட்டார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர நாலே கால் ஆகிவிட்டது. கையைப் பார்த்த நர்ஸ், “என்னண்ணே இப்படி வீங்கியிருக்கு?” என்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். அவர் எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தை நான் யாருக்கும் விவரிக்க முடியாது. “சத்தம் இருக்கு” என்றார். படுத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. இரண்டே வரி. ‘இடது கையைப் பயன்படுத்தத் தயங்குகிறார். நடத்துநர் பணிக்குத் தகுதியற்றவர்.’ அடுத்த வரி: ‘மாற்றுப் பணியிடம் காலி இல்லை.’

ஐயா, தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, ‘நீந்தத் தயங்குகிறார்’ என்று எழுதுகிற இந்தப் பரீட்சையை எந்த அதிகாரி கண்டுபிடித்தாரோ, அவருக்கு அடுத்த குடியரசு நாளில் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுக்கலாம்.

காலி இல்லாத இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பணிமனையில் லைட் டூட்டிக்கு நாலைந்து நாற்காலிகள் உண்டு. விசாரணை அறையில் ஒன்று. டிக்கெட் மெஷின் கொடுத்து வாங்குகிற ஜன்னலுக்குப் பின்னால் ஒன்று. டைம் கீப்பர் அறையில் ஒன்று. எல்லாவற்றிலும் ஆள் இருக்கிறார்கள். விசாரணை அறையில் இருக்கிற தம்பி பணிமனை வாலிபால் அணியின் நட்சத்திரம். அவன் எகிறி அடித்தால் எதிர்த் தரப்பு விலகி நிற்கும். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சிபாரிசுக் கடிதம் கொடுக்க அவனுக்கு ஓர் ஆள் இருந்தார், எனக்கு இல்லை, அவ்வளவுதான். எனக்குக் காத்திருக்கத் தெரியும்: இறந்தவர்களின் சிறுநீரகத்துக்காக, மாநில உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பில் எனக்கு வருத்தமே கிடையாது, ஏனென்றால் அங்கே ஒரு வரிசை இருக்கிறது. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023-இல் அறிவித்த மாநிலம் இது. உங்கள் லைட் டூட்டிக்கு மட்டும் இந்த மாநிலத்தில் வரிசை ஏன் இல்லை?

சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வரவில்லை. அதற்கென்று சட்டப் பிரிவு வைத்திருக்கிறீர்கள். அவர்கள் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை எடுத்து, அட்டவணையில் இருக்கிற 21 வகைகளையும் விரல் விட்டு எண்ணி, சிறுநீரக நோய் அதில் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். உண்மைதான், இல்லை. என் ஏழு கடிதங்களில் ஒன்றுக்குக்கூடக் காட்டாத சுறுசுறுப்பை இந்த எண்ணிக்கைக்குக் காட்டினார்கள். நோயோடு வருகிறவனை வெளியே நிறுத்தச் சட்டத்தில் எங்கே வழி இருக்கிறது என்று தேடிய அந்த அக்கறையில் கால்பங்கு, உள்ளே விட எங்கே வழி என்று தேடுவதில் இருந்திருந்தால், எனக்கு ஜூன் மாதமே நாற்காலி கிடைத்திருக்கும். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு உதவக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

2021-இல் மாநில அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகள் வாசல் தேடி வருகின்றன. மருந்து நோயாளியின் வாசலுக்கு வருகிறது. நோயாளிதான் உங்கள் வாசலைத் தாண்ட முடியவில்லை.

அதே 2021-இல்தான் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் வந்தது. ஆயிரக்கணக்கான பூஜ்யம் போட்ட டிக்கெட்டுகளை இந்தக் கையால் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பூஜ்யத்துக்கு மதிப்பு உண்டு. அரசு கழகத்துக்கு அதற்கு ஈடு தருகிறது. மாதாமாதம் எனக்கும் ஒரு சம்பளச் சீட்டு வருகிறது. நிகர ஊதியம் என்ற இடத்தில் 0. இந்தப் பூஜ்யத்துக்கு யார் ஈடு தருவது? கூட்டுறவுச் சங்கமா? அவர்கள் கடன் தவணைக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள்.

கடைசியாகத் தலைமை அலுவலகத்துக்குப் போனபோது ஓர் எழுத்தர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, நல்ல மனதோடுதான், ஒன்று சொன்னார். “அண்ணே, உங்க ஃபைல் நகராது. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா, கருணை அடிப்படையில வேலை கேக்கறது வேற செக்‌ஷன். அங்கே சீக்கிரம் பார்ப்பாங்க.” யோசித்துப் பார்த்தேன். நீங்கள் கேட்கிற பூரண குணம் எனக்கு அப்போதுதான் வரும். அந்தச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டாம். உங்கள் கழகத்தில் கருணைக்கென்று ஒரு செக்‌ஷன் இருப்பதைத் தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி. அது உயிரோடிருப்பவர்களுக்கு எந்தக் கிழமையில் திறந்திருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்பதை ஏழு கடிதங்களில் எழுதியாயிற்று. எட்டாவது முறை எழுதப்போவதில்லை. உங்களுக்கு நேரம் கிடைக்கிற ஒரு வியாழக்கிழமை எங்கள் பணிமனைக்கு வாருங்கள். அந்த ஸ்பேர் வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. பையை மாட்டிக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த கையால் கம்பியைப் பிடித்தபடி இரண்டு சுற்று வாருங்கள். இந்தத் தடவை பிரேக்கில் காற்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாளை புதன்கிழமை. எனக்கு ஊசி இல்லாத நாள். காலை ஐந்தே முக்காலுக்குக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பணிமனைக்கு வருவேன். வெள்ளியும் வருவேன், திங்களும் வருவேன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இத்தனை மாதமாகச் சிவப்பு மையில் கோடு இழுத்துவருகிறீர்கள். நான் அந்த ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். இனி அந்தக் கோட்டை இழுப்பவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இழுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஃபாரத்தின் இரண்டு கட்டத்திலும் அடங்காத
ஒரு நடத்துநர்