ஓர் எண், இரு கருவிகள்: ஹட் பே சாலை எழுப்பும் கேள்வி

சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு இடப்பட்ட கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடம் போர்ட் பிளேரையும் வேறு ஏழு இடங்களையும் தொடுகிறது. சிறிய அந்தமான் தீவின் ஹட் பே அவற்றுள் ஒன்று. அதுவரை செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்த ஊருக்கு அது பெரும் மாற்றம். ஆயினும் வடம் கரையோடு நின்றுவிடுகிறது. கோபுரத்துக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட இறுதித் தொலைவை வானலைதான் கடந்தாக வேண்டும். அந்த மனிதர் ஓடும் வண்டிக்குள் இருக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு நமது தொலைத்தொடர்புக் கொள்கை போதிய கவனம் தரவில்லை. ஒருவரது ஒரே எண் அவருடைய கைபேசியிலும் வண்டியில் பொருத்திய தொலைபேசியிலும் இயங்க வேண்டும் என்ற கோரிக்கை, நகரவாசிக்கு ஆடம்பரமாகத் தோன்றலாம். ஹட் பேயில் அது அடிப்படைத் தேவைக்கு மிக அருகில் இருக்கிறது.

போர்ட் பிளேரிலிருந்து ஹட் பே கடல்வழியே சுமார் 120 கிலோமீட்டர். உள்ளூர் மருத்துவமனையின் எல்லையை மீறிய நோயாளி கப்பலிலோ ஹெலிகாப்டரிலோ தலைநகர் செல்ல வேண்டும். படகுத்துறையிலிருந்து கிழக்குக் கரையோரமாக வடக்கே செல்லும் சாலையே நேதாஜி நகர், இராமகிருஷ்ணபுரம், விவேகானந்தபுரம் ஆகிய குடியிருப்புகளுக்கு உயிர்நாடி. இத்தகைய ஊரில் வாடகை வண்டி ஓட்டுநர் ஒருவரின் எண், அவருடைய பெயர்ப்பலகைக்கு நிகர். பிரசவ வலி கண்ட வீட்டாரும், கப்பல் புறப்படும் நேரம் மாறியதை அறிவிக்க விரும்பும் பயணியும் அழைப்பது அந்த ஓர் எண்ணைத்தான். வண்டிக்கென வேறோர் எண் வாங்கிக்கொள்ளலாமே என்பவர்கள், அந்த எண்ணை யார் அறிவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வண்டிக்குத் தனித் தொலைபேசி எதற்கு என்ற வினாவுக்கு இயற்பியல் விடை தருகிறது. வண்டியின் உலோக உடல் வானலையைத் தணிக்கிறது. கூரைமேல் நிறுவிய அலைவாங்கிக்கு அந்தத் தடை இல்லை. 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஜி.எஸ்.எம். தரநிலை கைபேசிக்கு 2 வாட் உச்ச ஆற்றலை வகுத்தபோது, வண்டியில் பொருத்தும் கருவிக்கு 8 வாட் வரை இடமளித்தது. இன்றைய 4ஜி கைபேசியின் வழக்கமான உச்ச ஆற்றல் ஏறத்தாழ 0.2 வாட். கோபுரங்கள் நெருங்கி நிற்கும் சென்னையில் இவ்வேறுபாடு உணரப்படாது. ஒற்றைச் சாலையில் கோபுரத்தை விட்டு விலகிச் செல்லும் வண்டிக்கு, அழைப்பு கிடைப்பதும் கிடைக்காததும் இதைப் பொறுத்தே அமையக்கூடும். அலை பெருக்கியைச் சொந்தமாக வாங்கிப் பொருத்தவும் வழியில்லை. உரிமமின்றி அதை நிறுவுவது சட்டவிரோதம்.

புளூடூத் இருக்கையில் இரண்டாம் கருவி வேண்டாம் என்பது அடுத்த மறுப்பு. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், கையில் பிடித்த தொலைபேசியை ஓட்டுகையில் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலின் வரையறைக்குள் கொண்டுவந்தபின், இவ்வாதம் வலுப்பெற்றிருக்கிறது. ஆனால் வழக்கமான புளூடூத் இணைப்பில் வண்டி தருவது ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் மட்டுமே. கோபுரத்தோடு பேசுவது அப்போதும் சட்டைப்பையிலுள்ள கைபேசிதான். ஜெர்மானிய வண்டித் தயாரிப்பாளர்கள் இக்குறையை உணர்ந்தே, கைபேசியின் சிம் விவரங்களைப் புளூடூத் வழியே வண்டியின் தொலைபேசி படித்துக்கொள்ளும் முறையைக் கையாண்டனர். அப்போது கைபேசியின் வானலைப் பகுதி ஓய்வுகொள்ள, வண்டியின் அலைவாங்கி வேலையை ஏற்கும். எனினும் அதற்கும் கைபேசி உடனிருக்க வேண்டும். மின்கலம் உயிரோடிருக்க வேண்டும். கைபேசி அம்முறைக்கு இசைய வேண்டும்.

தொழில்நுட்பத்தின் தொடக்க வரலாறு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் வணிக அழைப்பு நிகழ்ந்த ஜி.எஸ்.எம். அமைப்பு, பயனாளரையும் கருவியையும் பிரித்தே வடிவமைக்கப்பட்டது. முதற்கால சிம் அட்டை வங்கி அட்டை அளவில் இருந்தது. அதைக் கைபேசியிலிருந்து உருவி வண்டித் தொலைபேசியில் செருகினால் எண் மனிதரோடு இடம்பெயரும். மேலும், நாம் சுழற்றும் எண் சிம்முக்குள் குடியிருப்பதாக நினைப்பது பிழை. சிம்முக்கு உள்ளே வேறோர் அடையாள எண் உண்டு. எந்த அழைப்பெண் எந்த அடையாளத்துக்கு உரியது என்ற பதிவு வலையமைப்பின் தரவுத்தளத்தில் இருக்கிறது. ஆகவே ஓர் அழைப்பெண்ணின் கீழ் இரண்டு சிம்களை நிறுவனம் இணைக்க முடியும். ஜெர்மனியின் நிறுவனங்கள் இதைப் பல்சிம் சேவையாக நெடுங்காலமாக விற்று வருகின்றன.

இந்தியாவுக்கும் இது புதிதன்று. 2018 மே மாதத்தில் ஆப்பிள் கைக்கடிகாரத்தின் செல்லுலார் வகை இங்கு அறிமுகமானபோது, ஜியோவும் ஏர்டெல்லும் கைபேசியின் அதே எண்ணைக் கடிகாரத்தின் இ-சிம்முக்கும் நீட்டித்தன. வண்டிகளின் கதை வேறு. 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூ, எம்ஜி ஹெக்டர் முதலியவற்றில் இ-சிம் இருந்தது. ஆனால் அது வண்டியின் சொந்த இணைப்பு. உரிமையாளரின் எண் அதில் ஒலிப்பதில்லை. இயந்திரங்களுக்கென 13 இலக்க எண்களும் வகுக்கப்பட்டுவிட்டன. வசதியுள்ளவரின் மணிக்கட்டுக்கு அவருடைய எண் சென்று சேர்கிறது. தீவில் நோயாளியை ஏற்றிச்செல்லும் வண்டிக்கு அவ்வழி திறக்கப்படவில்லை. தடை தொழில்நுட்பத்தில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாதுகாப்பு குறித்த கவலை மட்டும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அக்காலத்தில் பரவலாக வழங்கிய சிம் குறியாக்க முறையை உடைத்து அட்டையை நகலெடுக்க முடியும் என 1998இல் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். இன்று அட்டைகள் வலுப்பெற்றிருந்தாலும், வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒரே கைபேசி எண்ணில் தொங்குவதால் ஆபத்தின் அளவு பெருகியிருக்கிறது. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை பிறப்பித்த ஆணை, செய்திச் செயலிகள் பதிவுசெய்த சிம்மோடு இடையறாது பிணைந்திருக்க வேண்டும் என்றும், அவற்றின் இணையப் பதிப்புகள் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் வெளியேறச் செய்ய வேண்டும் என்றும் கூறியது. எண்ணை ஒற்றைக் கருவியோடு இறுக்கிக் கட்டுவதே காப்பு என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

இங்கு ஒரு குழப்பம் நிலவுகிறது. கைபேசி எண் இரண்டு வேலைகளைச் செய்கிறது. பிறர் நம்மை அடைவதற்கான முகவரி என்பது ஒன்று. நாம் யார் என்று மெய்ப்பிக்கும் சாவி என்பது மற்றொன்று. முகவரி பல வாசல்களில் எழுதப்படலாம். சாவி ஒருவர் கையில் இருப்பதே முறை. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால், சாவியைக் காக்கும் பொருட்டு முகவரியையும் பூட்டி வைத்திருக்கிறோம். ஜெர்மானியப் பல்சிம் சேவையில் அழைப்பு எல்லாக் கருவிகளிலும் ஒலிக்கும். குறுஞ்செய்தியோ பயனாளர் தேர்ந்த ஒரே கருவிக்குச் செல்லும். அதே ஏற்பாட்டில் ஒருமுறைக் கடவெண் கைபேசியை விட்டு அகலாது. வண்டி திருடுபோனாலும் திருடனுக்கு வங்கிச் சாவி கிட்டாது. குறுஞ்செய்திக் கடவெண்ணுக்கு அப்பாலும் பிற சரிபார்ப்பு முறைகளுக்கு 2025 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைகள் இடமளித்திருப்பதால், இப்பிரிவினை இன்னும் எளிதாகும்.

சிறிய சந்தைக்கு இச்சேவை கட்டுப்படியாகாது என்பர். ஹட் பேக்கு வடம் வந்ததும் சந்தைக் கணக்கால் அன்று. அனைவருக்குமான சேவைக் கடப்பாட்டு நிதியே அதற்குப் பணம் தந்தது. அந்நிதி 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தால் டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் மாறியிருக்கிறது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஒளியிழையைத் தீவுவரை கொண்டுவந்த அரசு, மருத்துவ ஊர்தி, வாடகை வண்டி, மீன்பிடிப் படகு ஆகியவற்றில் கூரை அலைவாங்கியுள்ள தொலைபேசியைப் பொருத்தி, ஓட்டுநரின் எண்ணை அழைப்புக்கு மட்டும் நீட்டிக்க உதவுவது பெருஞ்சுமையாகாது. 2025இல் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் இ-சிம் சேவையில் இறங்கிவிட்டதால், சோதனை முயற்சியைத் தொடங்கப் பொதுத்துறையே போதும்.

ஆய்வுலகுக்கும் இதில் பணி உண்டு. ஹட் பே படகுத்துறை தொடங்கி வடக்குக் குடியிருப்புகள் வரை, ஒரே வண்டியின் உள்ளேயும் கூரைமேலும் அலைவலிமையை அளந்து ஒப்பிடுவது ஒரு முதுகலை மாணவரால் இயலும் காரியம். மழைக்காலத்திலும் கோடையிலும் அதைத் திரும்பச் செய்தால், எத்தனை கிலோமீட்டர் சாலை மௌனத்திலிருந்து மீளும் என்பது வரைபடமாகவே தெரியும். அந்த வரைபடத்தோடு கதவைத் தட்டும் கோரிக்கையை ஆடம்பரம் என்று தள்ளிவிடுவது எவருக்கும் கடினம்.