அப்டேட் போட்டதும் ஸ்க்ரோல் நின்றுவிட்டதா? பழுது டச்பேடிலா, டிரைவரிலா?

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்பதால் வீட்டிலும் அலுவலகத்திலும் பழைய லேப்டாப்களை விண்டோஸ் 11-க்கு மாற்றும் வேலை நடக்கிறது. விண்டோஸ் 11 ஏற்காத லேப்டாப்களில் சிலர் லினக்ஸ் போடுகிறார்கள். இப்படி மாறும்போது அடிக்கடி வரும் தலைவலிகளில் ஒன்று டச்பேட். அம்புக்குறி நகருது, கிளிக்கும் ஆகுது. ஆனால் இரண்டு விரலை வைத்து இழுத்தால் பக்கம் மேலேயும் போக மாட்டேங்குது, கீழேயும் வர மாட்டேங்குது.

‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு’ என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அம்புக்குறி ஒழுங்காக நகர்கிறது என்றாலே விரலை உணரும் பகுதி உயிரோடுதான் இருக்கிறது. பெரும்பாலும் போயிருப்பது மென்பொருள்.

அம்புக்குறி நகருது, ஸ்க்ரோல் மட்டும் ஏன் ஆகலை?

டச்பேடின் அடியில் மெல்லிய மின்கம்பி வலை இருக்கிறது. விரல் பட்ட இடத்தில் மின்தேக்கு அளவு மாறும். அந்த மாற்றத்தை ஒரு சிப் கணக்கிட்டு, விரல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும்.

சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான். பல பழைய லேப்டாப்களில் டச்பேட், கணினியிடம் தன்னை ஒரு சாதாரண மவுஸ் என்றே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஐ.பி.எம். நிறுவனம் 1987-ல் கொண்டுவந்த பி.எஸ்/2 கணினிகளின் மவுஸ் இணைப்பு முறைதான் அது. அந்த முறையின் அடிப்படை வடிவத்தில் இரண்டே தகவல்கள்தான் போகும்: அம்புக்குறி எவ்வளவு நகர வேண்டும், எந்த பட்டன் அழுத்தப்பட்டது. எத்தனை விரல் வைத்திருக்கிறோம் என்று சொல்ல அதில் இடமே இல்லை. மவுஸ் சக்கரம் பரவலானதே 1990-களின் பிற்பகுதியில்தான்.

அப்படியென்றால் இத்தனை நாள் ஸ்க்ரோல் ஆனது எப்படி? சினாப்டிக்ஸ், எலான், ஆல்ப்ஸ் போன்ற டச்பேட் நிறுவனங்கள் தங்களுக்கென தனி டிரைவர் வைத்திருந்தன. லேப்டாப் ஆன் ஆனதும் அந்த டிரைவர் டச்பேடுக்கு ஒரு ரகசிய சமிக்ஞை கொடுக்கும். உடனே டச்பேட் மவுஸ் வேடத்தைக் கலைத்துவிட்டு, விரல் இருக்கும் இடம், அழுத்தம், விரல்களின் எண்ணிக்கை என எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கும். ‘இரண்டு விரல் சேர்ந்து கீழே இறங்குது, இது ஸ்க்ரோல்’ என்று புரிந்துகொள்வது அந்த டிரைவர்தான். அது இல்லாவிட்டால் டச்பேட் மறுபடியும் வெறும் மவுஸாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் எழுந்து போய்விட்ட கூட்டம் மாதிரி.

அப்கிரேடின்போது என்ன நடக்கிறது?

புதிய பதிப்பு ஏறும்போது, பழைய டிரைவர் அதோடு ஒத்துப்போகுமா என்று இயங்குதளம் பார்க்கும். ஒத்துவராது என்று நினைத்தால் அதை எடுத்துவிட்டு, தன் கையிலிருக்கும் பொதுவான மவுஸ் டிரைவரைப் போட்டுவிடும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. அம்புக்குறி நகர்வதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே இயங்குதளம் எடுத்துக்கொள்கிறது.

இந்தத் தொல்லையைக் குறைக்க 2013-ல் விண்டோஸ் 8.1-உடன் ‘பிரிசிஷன் டச்பேட்’ என்ற முறையை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. இதில் டச்பேட் விரல்களின் விவரத்தை நேரடியாக விண்டோஸிடமே கொடுத்துவிடும். ஸ்க்ரோலா, ஜூமா என்று முடிவு செய்வது விண்டோஸ். எந்த கம்பெனி டச்பேடாக இருந்தாலும் ஒரே மாதிரி இயங்கும். கடந்த சில ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. இத்தகைய டச்பேடுகள் பல, மதர்போர்டில் ஐ2சி என்ற வேறொரு வழியாக இணைக்கப்பட்டிருக்கும். அந்த வழிக்கான சிப்செட் டிரைவர் விடுபட்டால் ஸ்க்ரோல் மட்டுமல்ல, டச்பேடே செத்த மாதிரி கிடக்கும். அங்கேயும் பழுது டச்பேடில் இல்லை.

வீட்டிலேயே என்ன செய்து பார்க்கலாம்?

எளிதானதிலிருந்து தொடங்குவதே சரி.

1. செட்டிங்ஸ்: விண்டோஸ் 11-ல் ‘செட்டிங்ஸ் > புளூடூத் அண்ட் டிவைசஸ் > டச்பேட்’ போக வேண்டும். அங்கே ‘ஸ்க்ரோல் அண்ட் ஜூம்’ என்ற பகுதியில், இரண்டு விரலால் ஸ்க்ரோல் செய்வதற்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்கிரேடில் அது எடுபட்டிருந்தால் வேலை இதோடு முடிந்தது.

2. டிரைவரின் பெயர்: அந்தப் பகுதியே கண்ணில் படவில்லையா? ‘டிவைஸ் மேனேஜர்’ திறந்து, மவுஸ் பட்டியலைப் பார்க்க வேண்டும். சினாப்டிக்ஸ், எலான் போன்ற பெயருக்குப் பதிலாக ‘பி.எஸ்/2 கம்பாட்டிபிள் மவுஸ்’ என்று மட்டும் இருந்தால், டிரைவர் போய்விட்டது உறுதி.

3. ரோல் பேக்: அதே இடத்தில் வலது கிளிக் செய்து ‘பிராப்பர்ட்டீஸ் > டிரைவர்’ பக்கம் போனால் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன் இருக்கும். அது அழுத்தும் நிலையில் இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பலாம்.

4. ஆப்ஷனல் அப்டேட்: ‘விண்டோஸ் அப்டேட் > அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் > ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பகுதியில் டிரைவர்கள் காத்துக்கொண்டிருக்கலாம். இவை தானாக ஏறாது, நாம்தான் தேர்வு செய்ய வேண்டும்.

5. தயாரிப்பாளரின் இணையதளம்: லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கொண்டு அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடலாம். முதலில் சிப்செட் டிரைவர், பிறகு டச்பேட் டிரைவர். இந்த வரிசை முக்கியம். விண்டோஸ் 11-க்கு இல்லாவிட்டால், விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவர் பல நேரம் வேலை செய்யும்.

6. பின்வாங்குதல்: எதுவும் பலிக்கவில்லை என்றால், அப்கிரேட் செய்த 10 நாட்களுக்குள் ‘சிஸ்டம் > ரெக்கவரி > கோ பேக்’ மூலம் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அதன் பிறகு அந்த வழி அடைபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை: ‘உங்கள் டிரைவர்களை ஒரே கிளிக்கில் சரிசெய்கிறோம்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருட்களை நம்பி இறங்க வேண்டாம். பாதுகாப்புக்காக அப்கிரேட் செய்துவிட்டு, வாசல் வழியாகத் திருடனை உள்ளே விட்ட கதையாகிவிடும்.

லினக்ஸ் போட்டவர்களுக்கு?

விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் தேவை. அதற்கு முந்தைய லேப்டாப்கள் இன்னும் ஏராளம். தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் கிடைத்த லேப்டாப்களும் இந்த வகைதான். அவற்றுக்கு லினக்ஸ் ஒரு நல்ல மாற்று.

லினக்ஸில் டச்பேட் கம்பெனியின் டிரைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான டச்பேடுகளைப் புரிந்துகொள்ளும் பகுதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் பழைய லினக்ஸ் பதிப்பிலிருந்து புதியதற்கு மாறியவர்களுக்கு வேறொரு குழப்பம் வரலாம். முன்பு ‘சினாப்டிக்ஸ்’ என்ற டிரைவர் இருந்த இடத்தில் இப்போது ‘லிப்இன்புட்’ இருக்கிறது. பழைய முறையில் வலது ஓரத்தில் ஒரு விரலால் இழுப்பது, இரண்டு விரலால் இழுப்பது இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். லிப்இன்புட்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஓரத்தில் தேய்த்துப் பழகியவருக்கு ஸ்க்ரோல் போய்விட்டதாகத் தோன்றும். செட்டிங்ஸில் டச்பேட் பக்கத்தில் ‘எட்ஜ் ஸ்க்ரோலிங்’ தேர்வு செய்தால் பழையபடி வந்துவிடும்.

திசை தலைகீழாகிவிட்டதே?

இதுவும் பழுது இல்லை. 2011-ல் ஆப்பிள் தன் ‘லயன்’ இயங்குதளத்தில், விரல் போகும் திசையிலேயே பக்கமும் நகரும்படி மாற்றியது. மொபைல் திரையில் நடப்பது போலத்தான். அப்போதும் பலர் எரிச்சலடைந்தார்கள். இன்று விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் திசையை மாற்றும் வசதி டச்பேட் பக்கத்திலேயே உண்டு.

யார் பொறுப்பு?

இங்கேதான் விஷயம் ஒரு லேப்டாப்பைத் தாண்டிப் போகிறது. டிரைவர் தர வேண்டியது லேப்டாப் நிறுவனம் என்கிறது இயங்குதள நிறுவனம். டச்பேட் சிப் செய்பவர்களும் லேப்டாப் நிறுவனத்திடம்தான் கேட்கச் சொல்கிறார்கள். லேப்டாப் நிறுவனமோ, விற்பனை நின்றுபோன மாடலுக்குப் புதிய டிரைவர் எழுத ஆர்வம் காட்டுவதில்லை. மூன்று பேரும் கைவிரித்த பிறகு, மிச்சமிருப்பவர் வாங்கியவர்தான்.

அவர் முன்னால் இருக்கும் வழிகள் எதுவும் உவப்பானவை அல்ல. ஒரு மவுஸ் வாங்கிச் சமாளிக்கலாம். மேசையே இல்லாமல் மடியில் வைத்துப் படிக்கும் மாணவருக்கு அது பாதித் தீர்வுதான். பாதுகாப்பு அப்டேட் இல்லாத பழைய பதிப்புக்கே திரும்பலாம். அங்கே வங்கிக் கணக்கும் கடவுச்சொற்களும் ஆபத்தில் இருக்கும். தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்துக்கும் 2026 அக்டோபர் 13 என்று கெடு வைக்கப்பட்டது. கடைசி வழி, நன்றாக ஓடும் இயந்திரத்தைக் குப்பையில் போடுவது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலான விதிகளின்படி, ஸ்மார்ட்போன், டேப்லெட் நிறுவனங்கள் ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு மென்பொருள் அப்டேட் தர வேண்டும். அந்த விதியில் லேப்டாப் இல்லை. இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியது. உதிரிபாகம், வாரன்ட்டி, சர்வீஸ் சென்டர் பற்றிய தகவல்களைத் திரட்டித் தருவதே அதன் முக்கிய வேலை. பழுதுபார்த்தல் என்றால் ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தானா, மென்பொருள் டிரைவரும் அதில் சேர்த்தியா என்பதே இனி கேட்க வேண்டிய கேள்வி. பழைய டிரைவர்களை இத்தனை ஆண்டுகளுக்கு இணையதளத்திலிருந்து நீக்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனை வந்தாலே, பல லேப்டாப்களின் ஆயுள் கூடும்.

அதுவரை, அப்கிரேட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சிப்செட், டச்பேட், வைஃபை டிரைவர்களை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஐந்து நிமிட வேலைதான். சர்வீஸ் கடையில் ‘பேடையே மாத்தணும்’ என்று சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “டிரைவர் எது ஏறியிருக்குன்னு பாத்தீங்களா?”