யாரும் கேட்காத கணக்கு

ஜூலைக் கடைசி வந்தால் எங்கள் கீழ்வீட்டு அங்கிள்ஜி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்துவிடுவார். ஏப்ரல், அக்டோபர், ஜனவரிக் கடைசியிலும் இதே கதைதான். ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் டிபன் பாக்ஸ். ஃபோனில் மகன் அனுப்பின டீசல் ரசீதுகளின் படங்கள். டிபன் பாக்ஸில் மூலி பராட்டா. அது என் ஃபீஸ் :)

ஜனக்புரியில் கனடாவில் பிள்ளை இருக்கும் பஞ்சாபி வீடுகளுக்குக் குறைவே இல்லை. 2019ல் மாற்றலாகி இங்கே வந்தபோது எனக்கு அது ஆச்சரியம். இப்போது பழகிவிட்டது. அங்கிள்ஜியின் பையன் பிராம்ப்டனில் சொந்தமாக ஒரே ஒரு டிரக் வைத்து, தானே ஓட்டுகிறான். அங்கே கணக்கு எழுத ஆள் வைத்தால் டாலரில் கேட்பார்களாம். இங்கே பி.காம் படித்த ஒரு மதராஸி ஓசியில் கிடைக்கிறான்.

விஷயம் என்னவென்றால், அங்கே இஃப்டா என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சர்வதேச எரிபொருள் வரி ஒப்பந்தம். 1983ல் அரிசோனா, அயோவா, வாஷிங்டன் என்று மூன்று மாநிலங்கள் ஆரம்பித்தது, இன்று அமெரிக்காவின் 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் உள்ளே. டீசலை எங்கே வேண்டுமானாலும் அடித்துக்கொள். ஆனால் எந்த மாநிலத்து ரோட்டில் எத்தனை தூரம் ஓட்டினாயோ, அந்த மாநிலத்துக்குத்தான் வரி போய்ச் சேரவேண்டும். இதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன். வண்டி ஓடாவிட்டாலும் பூஜ்யம் போட்டு அனுப்பவேண்டும். தேதி தவறினால் 50 டாலரோ, கட்டவேண்டிய வரியில் 10 சதவீதமோ, எது அதிகமோ அது அபராதம். ரசீதுகளையும் டிரிப் கணக்கையும் நான்கு வருடம் பத்திரப்படுத்தவேண்டும்.

கணக்கு ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. மூன்று மாதத்தில் 30,000 கிலோமீட்டர் ஓடி 12,000 லிட்டர் குடித்திருக்கிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 2.5 கிலோமீட்டர். ஒண்டாரியோவில் ஓடியது 18,000 கி.மீ. என்றால் அங்கே செலவானது 7,200 லிட்டர். அங்கே அடித்தது 9,000 லிட்டர் என்றால் 1,800 லிட்டருக்கான வரி அவனுக்கு வரவு. மிச்சம் 12,000 கி.மீ. அமெரிக்கப் பக்கம், மிச்சிகன், ஒஹையோ என்று. அங்கே செலவு 4,800 லிட்டர், அடித்தது 3,000. அந்த 1,800 லிட்டருக்கு அந்தந்த மாநில விகிதப்படி வரி கட்டவேண்டும். வரவு செலவைக் கழித்து ஒரே இடத்தில் தீர்த்தால் முடிந்தது.

பையன் ஒவ்வொரு முறையும் அந்த ஊர் சர்க்காரைத் திட்டுவான். எனக்கோ ஒவ்வொரு முறையும் மாமா ஞாபகம் வந்துவிடும். (கொசுவத்திச் சுருள் சுற்ற ஆரம்பிக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்களுக்குத் திருச்செங்கோடு பக்கம். அந்தப் பக்கம் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் லாரியோ ரிக் வண்டியோ சம்பந்தப்பட்ட ஆள் இருப்பார். அம்மாவின் தம்பி, என் மாமா, 2006ல் ஒரு பழைய பத்து சக்கர வண்டி வாங்கினார். தனியார் ஃபைனான்ஸ். மாத டியூ 18,000. வட்டி கழுத்தை நெரித்தது. 2009ல், "ஏங்கண்ணு, நீயே பேங்குல இருக்கற. கடனை பேங்குக்கு மாத்திக் குடுக்க முடியாதா?" என்று கேட்டார். சொந்தக்காரர் ஃபைலை நான் தொடக்கூடாது. வேறு ஒரு கிளைக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு வருட வருமான வரி ரிட்டர்ன் கேட்டார்கள். கொடுத்தார். ஆண்டு வருமானம் 42,000 ரூபாய் என்று இருந்தது. வருடத்துக்கு 42,000 சம்பாதிப்பவர் மாதம் 18,000 எப்படிக் கட்டுவார்? ஃபைல் திரும்பி வந்தது. அந்த மேலாளர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த ரிட்டர்னை எழுதிக் கொடுத்ததே நான்தான்! 1994ல் வந்த 44ஏஇ பிரிவு. பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் கணக்குப் புத்தகமே வைக்கவேண்டாம், வண்டிக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை வருமானமாகக் காட்டினால் போதும். அன்றைக்குக் கனரக வண்டிக்கு மாதம் 3,500. பன்னிரண்டால் பெருக்கினால் 42,000. வரியே கிடையாது. "பாத்தீங்களா மாமா, கணக்கே வேண்டாம்னு சட்டமே சொல்லுது" என்று பெருமையாகச் சொன்னேன். இருபத்தி சொச்சம் வயசு, புது ஆபீசர் மிதப்பு.

அடுத்த வருஷம் வண்டியை விற்றுவிட்டார். அதற்கப்புறம் ஒரு நாள் அவர் சட்டைப்பை, டூல் பாக்ஸ், சாமி படத்துப் பின்னால் என்று செருகி வைத்திருந்த டீசல் சிட்டைகளை எல்லாம் எடுத்துவைத்து ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி, கடைசி எட்டு மாதத்தில் 3.2க்கு இறங்கியிருந்தது. மாதம் 8,000 கி.மீ. ஓடும் வண்டி. 2,000 லிட்டரில் முடியவேண்டியது 2,500 லிட்டர். பம்பு கோளாறோ, வழியில் யாராவது உருவி விற்றார்களோ, இனித் தெரிய வழியில்லை. லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 17,500. கிட்டத்தட்ட ஒரு டியூ! மாமா வட்டியை மட்டும்தான் திட்டிக்கொண்டிருந்தார். டேங்க் வழியாக இன்னொரு டியூ போய்க்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை.

பிராம்ப்டன் பையனுக்கு இப்படி நடந்தால் அதிகபட்சம் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடாமல் அந்த ரிட்டர்னைப் போடவே முடியாது. சர்க்கார் தன் வரிக்காகக் கேட்கிறது. பதில் சொல்லும்போது அவனுக்கே தன் வண்டியின் நாடி தெரிகிறது.

நம் ஊரில் டீசல் வரி பங்கிலேயே முடிந்துவிடும். மத்திய கலால் வரி, மாநில வாட், இரண்டும் விலைக்குள். அடித்த மாநிலத்துக்கு வாட், அவ்வளவுதான். டெல்லியில் 2020 மே மாதம் டீசல் வாட்டை 30 சதவீதமாக ஏற்றி, ஜூலைக் கடைசியில் 16.75க்கு இறக்கினார்கள். லிட்டருக்கு எட்டு ரூபாய்க்கு மேல் ஒரே நாளில் குறைந்தது. எல்லை தாண்டினால் ஹரியானா பங்க் இருக்கும்போது எந்த டிரைவர் இங்கே டேங்க் நிரப்புவார்?

டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவா என்று 2017ல் இருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். வந்தால் நல்லதுதான். ஆனால் ஒற்றை லாரிக்காரருக்கு என்ன கிடைக்கும்? புக்கிங் ஆபீசுக்கு வண்டியை வாடகைக்கு விடுபவருக்கு அந்த வாடகையில் ஜிஎஸ்டி இல்லை. பதிவு இல்லை, ரிட்டர்ன் இல்லை, ஆகவே உள்ளீட்டு வரி வரவும் இல்லை. பெரிய ஃப்ளீட் வைத்திருப்பவர் எடுத்துக்கொள்வார். மாமா மாதிரி ஆட்கள் வேடிக்கை பார்க்கவேண்டியதுதான்.

அதனால் என் கருத்து இது. கணக்குக் கேட்காமல் விடுவதைச் சலுகை என்று நாம் கொண்டாடுகிறோம். அது பாதிதான் சலுகை. மறுபாதியில் அந்த மனுஷரை பேங்க் வாசலில் வெறுங்கையோடு நிறுத்துகிறது. 44ஏஇயில் இன்று 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தொகை ஏறியிருக்கிறது, 2025ல் இயற்றிய புதுச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆனாலும் அது வண்டியின் எடையைச் சொல்லுமே தவிர, ஓட்டத்தைச் சொல்லாது.

"இன்னொரு ரிட்டர்னா? இன்னொரு மாமூல்தான் மிச்சம்" என்பீர்கள். நியாயம். ஆகவே கட்டாயம் வேண்டாம், அபராதம் வேண்டாம், எந்த இன்ஸ்பெக்டர் கையிலும் கொடுக்கவேண்டாம். விரும்புகிறவர் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம்: ஓடிய தூரம், அடித்த லிட்டர், வந்த வாடகை. சரிபார்க்க சாட்சி ஏற்கெனவே இருக்கிறது. 2021 முதல் ஃபாஸ்டேக் கட்டாயம், எந்த டோலை எப்போது தாண்டியது என்பது பதிவில் இருக்கிறது. இ-வே பில்லில் தூரம் இருக்கிறது. எட்டு காலாண்டு ஒழுங்காகக் கொடுத்தவருக்கு, அந்த எட்டுப் பக்கத்தை வருமான ஆதாரமாக எங்களைப் போன்ற பேங்க்குகள் எடுத்துக்கொள்ளவேண்டும். இது முடியாத காரியம் இல்லை. 2010 மே வரை நேஷனல் பர்மிட்டுக்கு மாநிலத்துக்கு ஒன்றாக டி.டி. எடுக்க லாரிக்காரர்கள் எங்கள் கவுண்ட்டரில் வரிசையில் நின்றார்கள். இந்தியா முழுமைக்கும் ஒரே கட்டணம், மாநிலங்களுக்குள் பங்கு என்று மாற்றினார்களே, அந்த வரிசை ஒரே நாளில் காணாமல் போனது.

அதுவரை? உங்கள் சொந்தத்தில் யாராவது ஒற்றை லாரி வைத்திருந்தால், ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். கோடும் நீங்களே போட்டுக் கொடுங்கள். தேதி, மீட்டர் ரீடிங், லிட்டர், ரூபாய், வாடகை. ஐந்தே கட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபோன் பண்ணி, "மைலேஜ் எவ்வளவு மாமா?" என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கவேண்டியது அதைத்தான்.

வாசலில் பெல் அடிக்கிறது. அங்கிள்ஜிதான். பராட்டா சூடாக இருக்கும்போதே போய்க் கதவைத் திறக்கிறேன்.