உள்ளத்தை ஒப்படைக்குமுன் உரிமத்தைக் கேட்போம்

அஸ்ருக்குப் பின் மதரஸா வகுப்பு முடிந்த ஒரு மாலையில், எம்மிடம் ஓதும் சிறுமியின் தாயார் வாசலில் தயங்கி நின்றார். அவருடைய மூத்த மகளுக்குப் பல மாதங்களாக உறக்கமில்லை. யாரோ தன்னை ஏசுவது காதில் கேட்பதாகச் சொல்கிறாள். மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். பின்னர், 'உளவியல் ஆலோசகர்' என்று பலகை மாட்டியிருந்த ஒருவர், மாத்திரையை நிறுத்திவிடுங்கள், பேசியே குணப்படுத்திவிடலாம் என்றாராம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். நோய் முற்றியது. அந்த ஆலோசகர் என்ன படித்தவர் என்று கேட்டோம். "அதைக் கேக்கத் தோணலையே ஹஜ்ரத்" என்றார் அந்தத் தாய்.

அந்த விடை எம்மையும் குத்தியது. முன்னொரு நாள் அவர் தண்ணீர் கொண்டுவந்தபோது, ஓதி ஊதிக் கொடுத்து அனுப்பினோமேயன்றி, பிள்ளைக்கு என்ன செய்கிறது, யாரிடம் காட்டுகிறீர்கள் என்று நாமும் கேட்கவில்லை.

இவ்விஷயத்தில் சட்டம் சொல்வதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதுவதும் மாற்றுவதும் அவரது பொறுப்பு. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுபவரல்லர். நோயைச் சோதித்து அறிந்து, பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை அளிப்பவர். இவர் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்படி மத்தியப் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அச்சட்டம். இன்றைய நாளில் ஆயிரம் ரூபாய் யாரை அச்சுறுத்தும்?

இதைவிடப் பெரிய ஓட்டை மற்றொன்று. 'மருத்துவ உளவியலாளர்' என்ற பெயருக்குத்தான் இந்தக் காவல். 'ஆலோசகர்', 'வாழ்வியல் பயிற்சியாளர்' என்று பலகை மாட்டிக்கொள்பவரை நடைமுறையில் எவரும் கேட்பதில்லை. இக்குறையைத் தீர்க்கவே 2021-இல் துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. பிற உளவியலாளர்களும் ஆலோசகர் சிலரும் அதன் பட்டியலில் இடம்பெற்றுள்ளனர். மாநிலந்தோறும் ஒரு கவுன்சிலும் ஒரு பதிவேடும் வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் மாநிலங்களின் தாமதத்தைக் கண்டு, 2024-இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டு விரைவுபடுத்த நேர்ந்தது. அரசுகள் இதில் இனியும் காலம் தாழ்த்தக் கூடாது என்பதே நம் கோரிக்கை.

இத்தகைய கட்டுப்பாடு நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், நேரும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தமைந்த நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. புத்தி சுவாதீனமுள்ள எவரது கொடுக்கல் வாங்கலையும் தடுப்பதை எளிதில் ஏற்காத இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள்கூட, அறியாத மருத்துவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கவேண்டும் என்றார்கள். தம் உரிமையைவிடப் பிறர் உயிர் பெரிதல்லவா!

வரலாறும் இதற்குச் சான்று. ஹிஜ்ரி 319-இல் (கி.பி. 931) பக்தாதில் ஒரு மருத்துவரின் தவற்றால் நோயாளி ஒருவர் இறந்தார். செய்தி கலீஃபா முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் என்னும் தலைமை மருத்துவர் சோதித்து அனுமதித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று அவர் ஆணையிட்டார். அந்நகரில் 860-க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர் என்றும், அவரவர் தகுதிக்கேற்ற அளவே அனுமதி வழங்கப்பட்டது என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

உரிமம் பெற்றவர்கள் சிலரே, அவர்களின் கட்டணமும் அதிகம், ஏழை எங்கே போவான் என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் ஏழைக்குத் தகுதியற்றவர் போதும் என்பது அதற்கு விடையாகாது. அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் சிகிச்சை கிடைக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைத்துப் பேசலாம். உரிமம் இருந்தால் மட்டும் ஒருவர் நல்லவராகிவிடுவாரா என்றும் கேட்கின்றனர். ஆகமாட்டார். ஆனால் அவர் தவறிழைத்தால் முறையிட ஓர் இடம் இருக்கும். அந்தத் தாய்க்கு அத்தகைய இடம் எதுவும் இருக்கவில்லை.

நம் பக்கத்துக் குறையையும் மறைப்பதற்கில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களுள் பலரால் தப்பியோட இயலவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுதல் கூடாதெனத் தடுத்துள்ளது. ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. அது துஆ, அது ஆறுதல். அதைச் சிகிச்சைக்கு மாற்றாக ஆக்குவதும், அதற்கு விலை பேசுவதுமே பிழை.

ஆகவே ஒவ்வொரு வீட்டாரும் முதல் சந்திப்பிலேயே மூன்றைக் கேளுங்கள்: என்ன படித்தீர்கள்? எங்கே பதிந்துள்ளீர்கள்? பதிவு எண் என்ன? மறுவாழ்வுக் கவுன்சிலின் இணையதளத்தில் மருத்துவ உளவியலாளரின் பதிவைச் சரிபார்க்கலாம். தகுதியுள்ளவர் இக்கேள்விகளால் கோபம் கொள்ளமாட்டார். மாத்திரையை நிறுத்தும்படி யார் சொன்னாலும், அதை எழுதிய மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். மஹல்லா ஜமாஅத்துகள் தம் மாவட்டத்திலுள்ள பதிவுபெற்றோரின் பட்டியலைப் பள்ளிவாசலில் வைக்கட்டும். எம்மைப் போன்ற உஸ்தாதுகள், ஓதிக் கொடுக்குமுன் "மருத்துவரிடம் காட்டினீர்களா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்வோம்.

அந்தப் பெண் இப்போது அரசு மருத்துவமனையில் மீண்டும் சிகிச்சை பெறுகிறாள். அவளுக்கும் அவளைப் போன்றோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. பிள்ளையின் உள்ளம் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். யாரிடம் ஒப்படைத்தோம் என்று நாளை நாம் கேட்கப்படுவோம்.