பின்னிருக்கையில் அமரும் ஆசான்

கொல்கத்தாவின் பவானிபூரில், பெல்தலா சாலையில் பொது வாகனத் துறை அலுவலகம் இருக்கிறது. 'பெல்தலா' என்றாலே ஓட்டுநர் உரிமம் என்று பொருள்கொள்ளும் அளவுக்கு நகரத்தாரின் பேச்சில் அந்த இடப்பெயர் அலுவலகத்தின் பெயராகிவிட்டது. உரிமத்துக்காக அங்கே வரும் இளைஞரிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்தவர் யார் என்று கேட்டால், பயிற்சிப் பள்ளி ஒன்றின் பெயர் விடையாக வருவது அரிது. 'எங்கள் பாராவில் ஒரு தாதா' என்பதே இயல்பான விடை. பாரா என்பது தெருவும் அக்கம்பக்கமும் சேர்ந்த குடியிருப்பு வட்டம். தாதா என்பவர் அண்ணன். பம்பாய் வழக்கின் வழியே தமிழுக்கு வந்தபோது அச்சொல் அடியாளைக் குறிப்பதாயிற்று; வங்காளத்தில் அது இன்றும் அன்பும் உரிமையும் கலந்த விளிச்சொல். தமிழ்நாட்டில் அதே இடத்தில் அண்ணனோ மாமாவோ விடுதி நண்பனோ இருப்பர்.

இந்தியாவில் இருசக்கர வாகனப் பயிற்சி பெருமளவும் இத்தகைய ஊதியமில்லா ஆசான்களின் கையில்தான் இருக்கிறது. அது குறையன்று. அந்த ஆசானைச் சட்டமும் கல்வி நிறுவனங்களும் கண்டுகொள்ளாததும், தம் பணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவரே அறியாததுமே குறை.

இதன் விலை சிறிதன்று. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவ்வாண்டு தலைக்கவசம் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்லர், பின்னால் அமர்ந்திருந்தவர்கள். உரிமம் வழங்கும் பெல்தலா அலுவலகமும், விபத்துக்குள்ளானோரை ஏற்கும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையும் பவானிபூர் வட்டாரத்திலேயே இருக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை நீட்டிப்பதே பயிற்சியின் நோக்கம்.

சட்டம் இந்த ஆசானை எங்கே வைத்திருக்கிறது? மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 3ஆம் விதி, பழகுநர் உரிமம் பெற்றவருடன் உரிமம் உள்ள பயிற்றுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் இடத்தில் அவர் அமர்ந்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. காருக்கு இது பொருந்தும்: பயிற்சிப் பள்ளியின் காரில் இடப்புறமும் ஒரு பிரேக் மிதி உண்டு. மோட்டார் சைக்கிளில் அப்படிப்பட்ட இடம் எது? பின்னிருக்கையிலிருந்து கைப்பிடி எட்டாது. கால் பிரேக்கும் எட்டாது. எட்டிப் பிடிக்க முயன்றால் இருவரும் விழுவர். புதியவருக்குப் பழக்கமில்லாத கூடுதல் எடையைப் பின்சக்கரத்தின் மேல் ஏற்றுவது மட்டுமே அவர் அங்கிருந்து செய்யக்கூடியது. விதி காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டு, மோட்டார் சைக்கிள் மீது போர்த்தப்பட்டது.

பிரித்தானியா 1990 முதல் வேறு வழியில் செல்கிறது. அங்கே கட்டாய அடிப்படைப் பயிற்சி முடிக்காமல் பழகுநர் தனியே சாலைக்கு வர இயலாது. பயிற்றுநர் வேறொரு மோட்டார் சைக்கிளில் உடன் வந்து வானொலிக் கருவி வழியே பேசுகிறார். சாலையில் ஒருவருக்கு இரண்டு மாணவருக்கு மேல் கூடாது. பழகுநர் பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. ஆசானின் இடம் மாணவரின் பின்னிருக்கை அன்று என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது.

அடுத்த கேள்வி, அந்தத் தாதா எதைக் கற்றுத் தருகிறார் என்பது. தமிழில் 'வண்டி பழகுகிறான்' என்பர். மனிதரோடு பழகுவதற்கும் வண்டியோடு பழகுவதற்கும் வினை ஒன்றே. 'கற்றுக்கொடு' என்னும் கூட்டுவினை அறிவைக் கையில் எடுத்துக் கொடுக்கும் பொருளாகக் காட்டுகிறது. 'பழகு' என்னும் வினையில் அவ்வாறு கொடுப்பதற்கு எதுவும் இல்லை. 'பழக்கிவிடு' என்று மட்டும் சொல்லலாம். அதில் விடுதலும் சேர்ந்திருக்கிறது. மைக்கேல் போலானி 1958இல் வெளிவந்த தம் நூலில் மிதிவண்டியை எடுத்துக்காட்டியது இதன் பொருட்டே: சமநிலையின் விதியை அறியாமலேயே மனிதர் ஓட்டுகிறார்கள், விதியைச் சொல்லிக் கொடுப்பதால் ஒருவருக்கும் ஓட்ட வந்துவிடுவதில்லை. இடப்புறம் திரும்பத் தாம் என்ன செய்கிறோம் என்பதை மிதிவண்டி ஓட்டுநர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று வில்பர் ரைட்டும் கண்டறிந்தார். வேகமாகச் செல்லும் மோட்டார் சைக்கிளை இடப்புறம் சாய்க்க இடக் கைப்பிடியைச் சற்றே முன்னால் தள்ளுகிறோம் என்பதைப் பல்லாண்டு ஓட்டியவர்கூட வியப்போடுதான் கேட்பார்.

ஆகவே நன்றாக ஓட்டுபவரெல்லாம் நன்றாகப் பழக்குவார் என்று சொல்வதற்கில்லை. தம் கை செய்வதை அவர் அறியார். தம் வாய் சொல்வதையே கொடுப்பார். வாய் சொல்வதில் பிழையும் உண்டு. 'முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்' என்னும் அறிவுரை அண்ணனிடமிருந்து தம்பிக்கும் தம்பியிடமிருந்து அவன் நண்பனுக்கும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. உண்மையில், வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு நகர்வதால் நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. திடீரென இறுக்குவதும், திரும்பும்போது இறுக்குவதும், ஈரத்தில் இறுக்குவதுமே ஆபத்து. 1981இல் கலிஃபோர்னியாவில் ஹாரி ஹர்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் 900 விபத்துகளை நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தது. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் பின்சக்கரத்தை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கினர். முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. அவர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ கற்றவர்கள்.

இந்த எண்ணைக் கவனத்தோடு கையாள வேண்டும். ஓட்டுபவர்களில் பெரும்பாலோர் அவ்வாறு கற்றவர்களே எனில், விபத்தில் சிக்குவோரிலும் அவர்களே மிகுந்திருப்பர். நண்பரிடம் கற்றதே விபத்துக்குக் காரணம் என்று இதிலிருந்து மட்டும் முடிவு கட்ட இயலாது. ஆனால் தவறான பிரேக் பழக்கம் ஆசானிடமிருந்து மாணவருக்குச் செல்லக்கூடியது; அதைத் திருத்தும் இடமும் ஆசானே. 2019 ஏப்ரல் முதல் விற்பனையாகும் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டது. அதற்குக் கீழானவற்றில் இரு பிரேக்குகளும் சேர்ந்து இயங்கும் அமைப்பு உள்ளது. கருவி மாறிவிட்டது, அறிவுரை மாறவில்லை.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. தாதா கற்பிப்பது வண்டியை, சாலையை அல்ல. கிளட்ச், கியர், எட்டுப் போடுதல் ஆகியவற்றை ஒரு மைதானத்தில் நான்கு மாலைகளில் பழகிவிடலாம். உரிமத் தேர்வும் பெரும்பாலும் அவற்றையே பார்க்கிறது. ஆசுதோஷ் முகர்ஜி சாலையில் எட்டுப் போடும் தேவை எழுவதில்லை. 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடியது. இன்று நேதாஜி பவன் எனப்படும் அந்நிலையத்தின் படிகளில் ஏறி வருவோர் நேரே சாலையில் கால் வைக்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்பதில்லை. பயணி கை காட்டிய இடத்தில் நிற்கிறது. மஞ்சள் டாக்சியின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்ல இயலாது. நகரின் சில ஒருவழிச் சாலைகள் முற்பகலில் ஒரு திசையும் பிற்பகலில் எதிர்த்திசையும் கொள்கின்றன. டிராம் நின்றுபோன சாலைகளிலும் தண்டவாளங்கள் தாரில் பதிந்து கிடக்கின்றன. மழைக்காலத்தில் அவற்றைக் கூடியவரை குறுக்காகக் கடக்க வேண்டும், கடக்கும்போது பிரேக் தொடக் கூடாது என்பதை விழுந்த பிறகே பலர் அறிகிறார்கள்.

இவையனைத்தும் சாலையை வாசிக்கும் திறனைச் சேர்ந்தவை. வாசிப்பைக் கற்பிக்க ஒரு வழி உண்டு: பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுதல். முதலில் மாணவர் பின்னால் அமர, ஆசான் ஓட்டியபடியே சொல்ல வேண்டும்: 'அந்தப் பேருந்து நிற்கும், இப்போதே வேகத்தைக் குறைக்கிறேன், அந்த டாக்சிக்குள் தலை அசைகிறது, விலகுகிறேன்.' பின்னிருக்கை உண்மையில் மாணவரின் இடம். பிறகு இருவரும் தனித்தனி வண்டியில், நெரிசலற்ற காலை வேளையில், குறுகிய வழியில் செல்லலாம். வண்டியை நிறுத்தியபின் மாணவர் தாம் கண்டதைச் சொல்லட்டும். ஒரு கணக்கையும் அவர் அறிந்திருக்க வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், ஆபத்தைக் கண்டு கை அசைய ஒன்றரை நொடி ஆனால், பிரேக் பிடிக்கும் முன்னரே வண்டி 25 மீட்டர் கடந்துவிடும், 40 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 17 மீட்டர். நடுவிலுள்ள 8 மீட்டரில் ஒரு மனிதர் நின்றிருக்கக்கூடும்.

'எல்லோரும் இப்படித்தான் பழகினோம், என்ன கெட்டுவிட்டது?' என்று கேட்பவர் உண்டு. கேட்பவர் பிழைத்தவர், பிழைக்காதவர் கேட்க வருவதில்லை. பயிற்சிப் பள்ளியைக் கட்டாயமாக்குவதே தீர்வு என்பாரும் உண்டு. உணவு விநியோக வேலைக்காக அடுத்த வாரமே சாலையில் இறங்க வேண்டிய இளைஞருக்கு அது மற்றுமொரு கட்டணமாகவே முடியக்கூடும். இருக்கும் ஆசானை வலுப்படுத்துவதே நடைமுறைக்கு உகந்தது.

அதற்குச் செய்ய வேண்டியவை அரியன அல்ல. பழகுநர் உரிமம் பெற்றபின் குறைந்தது 30 நாள் கழித்தே தேர்வுக்குச் செல்ல இயலும். அந்த 30 நாளும் இன்று வெறும் காத்திருப்பு. உரிமம் வழங்கும்போதே பயிற்றுநரின் பெயரையும் பதிந்து, மாணவரையும் அவரையும் ஒரு நாள் வகுப்புக்கு அழைக்கலாம். 3ஆம் விதியில் மோட்டார் சைக்கிளுக்கெனத் தனி வாசகம் எழுதலாம். பல்கலைக்கழகங்கள் விடுமுறை நாட்களில் காலியாகக் கிடக்கும் தம் வளாகச் சாலைகளைப் பழகுமிடமாகத் திறந்துவிடலாம். விடுதி மாணவர் ஒருவரின் வண்டியைப் பத்துப் பேர் இரவல் வாங்கும் இடத்தில் இப்பொறுப்பு நிறுவனத்துக்கும் உண்டு.

எஞ்சுவது ஆசானின் அதிகாரம். ஆய்வு நெறியாளர் 'இன்னும் ஆகவில்லை' என்று சொல்லி ஆய்வேட்டைத் திருப்பித் தருவதைப் பல்கலைக்கழகம் மதிக்கிறது. பாராவின் தாதா சாவியைத் தர மறுத்தால் அது கஞ்சத்தனமாகவோ பொறாமையாகவோ பார்க்கப்படுகிறது. 'இந்த மழையில் வேண்டாம்', 'பின்னால் யாரையும் ஏற்றாதே', 'இன்னும் ஒரு வாரம்' என்று அவர் சொல்லும்போது தம்பியின் வீட்டாரும் நண்பரும் அவர் பக்கம் நிற்க வேண்டும். சாவியைக் கொடுக்க எவராலும் முடியும்; கொடுக்கும் நாளைத் தீர்மானிப்பவரே ஆசான்.