குளம்பித் தோட்டமும் மூன்று தமிழ்ச்சொற்களும்

கூலி, கங்காணி, துண்டு - மூன்றுந் தமிழ்ச்சொற்கள். உழைப்பின் ஊதியம் கூலி, கண்காணிப்போன் கங்காணி, சிறு நறுக்குத் துண்டு. எளிய இச்சொற்கள் ஏழைத் தமிழரின் கால்விலங்காகத் திரிந்த வரலாறு, இலங்கை மலைகளில் காப்பியெனப்படும் குளம்பி விளைந்த நாளில் தொடங்குகின்றது.

கண்டியரசு 1815-இல் வீழ்ந்தது. 1820-களில் கம்பளைப் பகுதியில் வெள்ளையர் குளம்பித் தோட்டம் இட்டனர். உரிமையாவணம் காட்டவியலாத காடும் தரிசும் ஆங்கில முடியாட்சிக்கே உரியவென 1840-இல் சட்டம் வந்தது. சிங்கள உழவர் வழிவழித் துய்த்த காடுகள் வெள்ளை அலுவலர்க்கும் வணிகர்க்கும் விலையாயின. நிலங் கிடைத்தது, உழைக்கும் கை வேண்டியிருந்தது.

தமிழகச் சிற்றூர்களில் பஞ்சமுங் கடனுஞ் சாதிக்கொடுமையும் வாட்டிய ஏழைகளைக் கங்காணி முன்பணங் காட்டித் திரட்டினான். மன்னார்க் கரையில் இறங்கியோர் மாத்தளை வரை ஏறத்தாழ 150 கல் தொலைவு காட்டுவழியே நடந்தனர். கக்கற்கழிச்சலாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர்க்கு நடுகல் இல்லை. மலையேறியோர் மடியில் காசில்லை. தலையில் கடன் இருந்தது. ஆங்கே 'கூலி' என்னுஞ் சொல் ஊதியத்தை விட்டு ஆளைப் பற்றியது. ஊதியமோ திங்கள் பல நிலுவையில் நின்றது.

1869-இல் இலைத்துருநோய் தோன்றிற்று. இலையடியில் செம்மஞ்சட் பொடி படர, இலை உதிர்ந்தது, காய் குன்றியது. இரண்டரை இலக்கம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த குளம்பி இருபதாண்டுகளில் பெரிதும் அழிந்தது. துரைமார் தேயிலைக்கு மாறினர். குளம்பிப் பறிப்புச் சில திங்களே. அது முடிந்தபின் ஊர் திரும்ப இயன்றது. தேயிலையோ ஆண்டு முழுதும் ஆள் கேட்டது. குடும்பங்கள் மலையிலேயே வேரூன்றின. ஆளின் கடனை ஒரு தாள்நறுக்கிற் குறித்து, அக்கடனைத் தீர்க்கும் வேறு தோட்டத்திற்கு அவனைக் கைமாற்றும் துண்டுமுறையும் ஓங்கியது. அது 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

நோயுற்ற பயிரைப் பிடுங்கியதுபோலவே மக்களையும் பிடுங்கினர். 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964-ஆம் ஆண்டுச் சிறிமா - சாத்திரி உடன்படிக்கை, அவர்தம் விருப்பங் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. திரும்பியோரிற் பலர்க்கு நீலகிரியிலும் தேயிலைச் செடியே வாழ்வாயிற்று. சொந்த இனத்தாரும் அவரைச் 'சிலோன்காரர்' என்றே அழைத்தனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமைக்கு வழி திறந்தது. எனினும், தோட்டத்து வரிசைவீடுகளில் வாழ்வோரிற் பெரும்பாலோர்க்குக் குடியிருக்கும் மனையும் இன்றுவரை சொந்தமன்று.

2023-இல் மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் நடந்த வழியே மீண்டும் நடந்தனர். அன்று நடந்தோர் கடனைச் சுமந்தனர். இன்று நடந்தோர் உரிமையைக் கேட்டனர்.

காப்பியைக் குளம்பியென மாற்றிச் சொல்லுதல் எளிது, சொல்லவும் வேண்டும். ஆயின், கூலியென்னுஞ் சொல்லை அதன் பழம்பொருளுக்கு மீட்பதே அரிய பணி. உழைத்தவனுக்கு ஊதியமும் நிலமும் மதிப்பும் முறையாகக் கிடைக்கும் நாளிலேயே அச்சொல் தூய்மையுறும். மொழித்தூய்மை வேண்டுவோர், அம்மொழி பேசும் மக்கள்மேற் படிந்த இழிவையுந் துடைக்கக் கடவர்.