மீனை விரட்டியது பாட்டா?

கடற்றொழிலாளர் மீது அண்மைக் காலமாகப் புதியதொரு குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டு வருகின்றது. இலக்கியக் கூட்டங்களிலும், நாட்டார் கலை விழாக்களிலும், ஏன், மீன்சந்தையிற் பையுடன் நிற்கும் உத்தியோகத்தர் வாயிலும் அதனை நாம் கேட்டிருக்கின்றோம். இரவுத் தொழிலுக்குப் போகும் இளைஞர் படகிலே பாட்டை அலறவிடுகின்றனர். அந்த இரைச்சலுக்கு மீன் ஓடிவிடுகின்றது. பின்னர் வெறும் வலையோடு கரைக்கு வந்து பஞ்சம் சொல்கின்றனர். இது குற்றத்தின் முதற் பகுதி. பாட்டனும் தகப்பனும் பாடிய அம்பாவை மறந்து, சினிமாப் பாட்டுக்கு அடிமையாகிவிட்டனர். அதனால் நெய்தல் நிலத்துப் பண்பாடே அழிகின்றது. இது இரண்டாம் பகுதி.

ஆக, கரையோரத்தின் வறுமைக்கும் கலை அழிவுக்கும் எதிரி ஒருவனே. அவன், உவர்நீரில் நனைந்த சாரத்தின் மடிப்பிலே கைத்தொலைபேசியைச் செருகிக்கொண்டு கடலுக்குப் போகும் கூலிக்காரன்!

இந்தக் குற்றப்பத்திரிகையை நாம் ஏற்க மறுக்கின்றோம். உழைப்பவன் மீது கொண்ட பரிவினால் மட்டும் மறுக்கவில்லை. ஒவ்வொரு குற்றத்தையும் எடுத்து ஆராய்ந்த பின்னரே மறுக்கின்றோம்.

முதலில் மீனின் காதை எடுத்துக்கொள்வோம். மீன் செவிடு என்று நாம் வாதாட வரவில்லை. வெளியே தெரியாவிடினும் மீனின் தலைக்குள் உட்காது உண்டு. அதிலுள்ள சிறு கற்கள் ஒலியதிர்வை உணர உதவுகின்றன. உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு அருகிலுள்ள நீரசைவை அறிகின்றது. வளர்ப்புக் கெண்டை மீன்களைப் பழக்கினால் அவை அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'புளூஸ்' இசையையும் ஐரோப்பியச் செவ்வியல் இசையையும் வேறு பிரித்தறியும் என்று 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே மீனுக்குக் கேட்கும். நாம் கேட்பது, படகிற் பாடும் பாட்டு மீனிடம் போய்ச் சேருகின்றதா என்பதே.

காற்றிலே ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்கின்றது. கடல்நீரிலே ஏறத்தாழ 1500 மீற்றர் செல்கின்றது. காற்றுக்கும் நீருக்கும் அடர்த்தியிலும் பெரும் வேற்றுமை உண்டு. இவ்வேற்றுமைகளின் காரணமாக, காற்றிலிருந்து நீர்ப்பரப்பில் விழும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்களவே உள்ளே புகுகின்றது. எஞ்சியது வானத்துக்கே திரும்பிவிடுகின்றது. ஒலிபெருக்கியைப் படகின் அடித்தட்டில் இறுக வைத்தால் படகின் உடல் வழியாக அதிர்வு நீருக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் பலகையிற் காலை ஓங்கி மிதிப்பதும், நங்கூரத்தைத் தடாலென்று தள்ளுவதும், துடுப்பு விளிம்பிலே மோதுவதும் அவ்வாறே போகும். இதைத் தொழிலாளிக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆழங்குறைந்த நீரிலே தடியால் அடித்து மீனை வலைக்குள் விரட்டும் நுட்பத்தை அவன் பரம்பரையாக அறிவான். மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில், நிலவு காயும் இரவிலே துடுப்பின் ஒரு நுனியை நீரில் இட்டு மறுநுனியைக் காதோடு சேர்த்து 'பாடும் மீன்' ஓசையைக் கேட்டவனும் அவனே. மரத்தின் வழியாக ஒலி வரும் என்ற பௌதிகப் பாடத்தை அவன் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை.

படகின் பின்புறத்திற் பூட்டியிருக்கும் வெளியிணைப்பு இயந்திரத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். அது காற்றிலே பாடுவதில்லை. அதன் சுழலி நீருக்குள்ளேயே நின்று சுழல்கின்றது. மீன்களிற் பெரும்பாலானவை நன்கு கேட்கும் தாழ்ந்த சுருதியிலேயே அதன் இரைச்சல் அமைகின்றது. மீனுக்காகக் கவலைப்படும் கனவான்கள் ஒருநாளாவது இயந்திரத்தைக் குற்றஞ்சாட்டியதுண்டா? இல்லை. இயந்திரத்துக்கு விற்பனையாளன் உண்டு. கடன் கொடுப்பவன் உண்டு. திறப்புவிழாவில் நாடா வெட்டும் பிரமுகர் உண்டு. பாட்டுக்கோ கூலிக்காரனைத் தவிர ஒருவரும் இல்லை. எனவே பழி பாட்டின் மேல் விழுகின்றது.

அப்படியாயின் மீன் எங்கே போயிற்று? பாக்கு நீரிணையைப் போய்ப் பார்த்தவர் இக்கேள்வியைக் கேட்கமாட்டார். வாரத்தில் மூன்று இரவுகள் எதிர்க்கரையிலிருந்து இழுவைப்படகுகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன என்பது வடபகுதிக் கடற்றொழிலாளர் ஆண்டாண்டாக எழுப்பிவரும் முறைப்பாடு. இழுவைமடி கடலின் அடியையே வாரிக்கொண்டு போகின்றது. குஞ்சும் முட்டையும், மீன் இனம்பெருகும் புற்படுகையும் அதனோடு போகின்றன. குறுக்கே விரித்திருக்கும் சிறு தொழிலாளியின் வலையும் அறுந்து போகின்றது. அடித்தள இழுவைமுறையை நம் நாட்டுச் சட்டம் 2017-ல் தடைசெய்தது. சட்டம் வந்தபின்னும் இழுவைமடி ஓயவில்லை. அந்த மூன்று இரவுகளிலும் கடன் வாங்கிய வலையைக் காப்பதற்காகக் கரையிலேயே படுத்திருப்பவன், பாட்டுக் கேட்டா பட்டினி கிடக்கின்றான்?

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். இழுவைப்படகின் தளத்திலே நின்று மடியை இழுப்பவனும் கூலிக்காரனே. நம் மொழி பேசுபவனே. இலாபம் அவன் வீட்டுக்குப் போவதில்லை. நித்திரை வராதிருக்க அவனும் பாட்டுக் கேட்கின்றான். நம்மவன் படகிலே ஒலிக்கும் அதே பாட்டுத்தான் அவன் படகிலும் ஒலிக்கின்றது. ஒரே பாட்டைக் கேட்கும் இருவருக்கும் நடுவிலே அறுந்த வலை மிதக்கின்றது. அதை அறுத்த முதலாளி இரு படகிலும் இல்லை.

இன்னும் கேளுங்கள். மயிலிட்டி மக்கள் 1990-ல் தம் கரையை விட்டுத் துரத்தப்பட்டனர். துறைமுகம் அவர்கட்குத் திறந்துவிடப்பட்டது 2017 யூலையில். இருபத்தேழு ஆண்டுகள்! யுத்த காலத்திலே கடற்றடை இருந்தது; நேரக் கட்டுப்பாடு இருந்தது; பாஸ் இருந்தது; இயந்திரத்தின் குதிரைவலுவுக்கும் அளவு இருந்தது. யுத்தம் ஓய்ந்த பின் 2022 ஓகஸ்டில், சிறு படகுகளின் உயிராகிய மண்ணெண்ணெய், லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. இவற்றுள் எதனைச் சினிமாப் பாட்டுச் செய்தது என்று குற்றஞ்சாட்டுவோர் விளக்கவேண்டும்.

இனி இரண்டாம் குற்றத்துக்கு வருவோம். அம்பா அழிகின்றது என்பது மெய். அதற்காக வருந்துவோரின் வருத்தத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அம்பா என்றால் என்ன என்று அவர்கள் சிந்தித்திருக்கின்றார்களா?

பேராசிரியர் கைலாசபதியின் ஆசானாகிய ஜோர்ஜ் தொம்சன், தமது 'மார்க்சியமும் கவிதையும்' என்ற நூலிலே பாட்டின் தாளம் உழைப்பிற் பிறந்தது என்று விளக்கினார். கரைவலை இழுப்பதைக் கண்டவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கடலை வளைத்துப் போட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு கூட்டத்தார் பற்றி நிற்பர். ஒருவன் அடி எடுத்துக் கொடுப்பான். கூட்டம் ஒரே குரலில் மறுமொழி சொல்லும். அந்த மறுமொழி விழும் கணத்திலே அத்தனை தோள்களும் ஒன்றாக இழுக்கும். தெய்வமும் மாதாவும் அப்பாட்டில் வந்தனர். காதலும் கேலியும் வந்தன. ஆயினும் அதன் முதற்பணி கயிற்றை இழுப்பதே. துடுப்பும் கயிறும் போல அம்பாவும் ஒரு தொழிற்கருவி.

கருவியின் தேவை மறைந்தால் கருவி மறையும். 1950-களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகுகள் நம் கரைகளுக்கு வந்தன. நைலோன் வலை வந்தது. பின்னர் ஃபைபர் படகு வந்தது. இன்று பல கரைகளிலே உழவு இயந்திரத்திற் பூட்டிய 'வின்ச்' கரைவலையை இழுக்கின்றது. நாற்பது கைகள் செய்த வேலையை இரும்பு உருளை செய்கின்றது. அந்தக் கைகளுக்கு உரியவர் வேறு பிழைப்புத் தேடுகின்றனர். இரும்பு உருளைக்கு அம்பா தேவையில்லை. உழைப்பின் முறை மாறியது. அதனோடு பாட்டும் போயிற்று. இளைஞனின் கைத்தொலைபேசி வந்து சேர்ந்தபோது கடற்கரை ஏற்கெனவே மௌனமாகத்தான் கிடந்தது.

பழைய முறையே திரும்பட்டும் என்று கேட்போமா? ஒருபோதும் கேட்கமாட்டோம். சோளகக் காற்றுக்கு எதிரே தண்டு வலித்து நெஞ்சுநொந்து கிடந்த கிழவர்களை நாம் அறிவோம். சம்மாட்டியாரிடம் வாங்கிய முற்பணத்தை அடைக்க முடியாமல் தந்தையின் கடனை மகன் சுமந்த குடும்பங்களையும் அறிவோம். அம்பா இனிமையாக இருந்தது. அதைப் பாடியவன் வாழ்வு இனிமையாக இருக்கவில்லை. நமது காதின் சுகத்துக்காக இன்னொருவன் முதுகு வளையவேண்டும் என்று கோருவது கலைப்பற்று ஆகாது.

அம்பாவைக் காப்பதாகச் சொல்வோர் அதனை எவ்வாறு காக்கின்றனர் என்பதையும் பார்க்கின்றோம். மண்டபத்து மேடையிலே சரிகைக்கரை வேட்டி கட்டிய பையன்கள், மீன் காணாத வலையொன்றைப் பிடித்துக்கொண்டு ஆடுகின்றனர். பிரதம விருந்தினர் கைதட்டுகின்றார். பாட்டைச் சொல்லிக்கொடுத்த கிழவர் பின்வரிசையில் நிற்கின்றார், அல்லது அழைக்கப்படவே இல்லை. அவருடைய முதுமைக்கு ஒரு சதம் உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

சினிமாப் பாட்டிலே நமக்கு மயக்கம் இல்லை. 1964-ல் 'படகோட்டி' வந்த காலம் முதல் சென்னைக் கலையகங்களிலே கட்டப்பட்ட கடற்பாட்டு, கடலோடியின் காதுக்கே விற்கப்பட்டு வந்துள்ளது. அவனுடைய துன்பத்தைக்கூடப் பூச்சுப் பூசி அவனிடமே விற்கும் வியாபாரம் அது. ஆனால் அவன் ஏன் அதனை வாங்கினான்? வேறு பாட்டு அவனுக்கு யார் கொடுத்தார்கள்? கூலிக்காரனைப் பற்றிக் கவிதை எழுதிய நாம், கூலிக்காரன் கேட்கத்தக்க பாட்டு எத்தனை எழுதினோம்? அறுந்த வலையைப் பற்றி, மண்ணெண்ணெய் விலையைப் பற்றி, திரும்பி வராத படகைப் பற்றி இரவிலே ஒருவன் முணுமுணுக்கத்தக்க பத்து வரிகள் நம் பேனாக்களிலிருந்து வந்தனவா? குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் பட்டியலிலே நம் பெயரும் உண்டு.

பாட்டு அவனுக்கு எதற்கு என்று நாம் ஒரு கிழவரிடம் கேட்டோம். பொழுதுபடப் போய், வலையை விரித்துவிட்டு, விடியுமட்டும் ஃபைபர் படகிலே விழித்திருப்பவர் அவர். இரவில் நித்திரை வராதிருக்கவா என்று கேட்டோம்.

"அதுவும்தான், தம்பி. ஆனா அந்த நாளையிலை கடலுக்கை இருமவும் பயம். எந்தப் பக்கத்தாலை வெடி வரும் எண்டு தெரியாது. வெளிச்சமும் இல்லை, சத்தமும் இல்லை. இப்ப பாட்டுப் போட்டுக்கொண்டு போறம். மீனுக்கில்லை. நாங்கள் இன்னும் இருக்கிறம் எண்டு எங்களுக்கே தெரியவேணும்."

குற்றப்பத்திரிகை எழுதியவர்கள் இந்த மனிதரை ஒருமுறையேனும் கேட்டிருந்தால், அதைக் கிழித்தெறிந்திருப்பார்கள்.

ஆயினும் தொழிலாளத் தோழரிடமும் ஒன்று சொல்வோம். மீனுக்காக அல்ல, உங்கள் உயிருக்காக. இருட்டிலே பெரிய படகொன்று வருவதைக் கண்ணுக்கு முன் காதே அறிகின்றது. அயற்படகின் அபயக்குரலும் காதுக்குத்தான் வரும். ஆகவே எல்லோருமாகக் காதை அடைத்துக்கொண்டு இருக்காதீர்கள். ஒருவர் பாட்டுக் கேட்டால் ஒருவர் கடலைக் கேட்கட்டும்.

கடலுக்குப் போகும் அந்தப் பெட்டியிலே பாட்டு மட்டும் வந்தாற் போதாது என்பதே நமது கோரிக்கை. 1964 டிசெம்பரிலே மன்னாரையும் தனுஷ்கோடியையும் புயல் தாக்கியது. 1978 நவெம்பர் 23-ல் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தது. 2004 டிசெம்பர் 26 காலையிலே கடல் எழுந்து வந்தபோது கரையிலிருந்த எவருக்கும் முன்னறிவிப்புக் கிடைக்கவில்லை. இன்று செய்தியை அனுப்பும் கருவிகள் உண்டு. அவை தமிழிலே, உரிய நேரத்திலே, கடலோடிக்கு விளங்கும் சொல்லிலே பேசவேண்டும். கச்சான் என்றும் சோளகம் என்றும் வாடை என்றும் கொண்டல் என்றும் காற்றுக்குப் பெயர் வைத்திருப்பவனிடம், அப்பெயர்களாலேயே காற்றைச் சொல்லுங்கள். இழுவைமடிக்கு எதிரான சட்டத்தை ஏட்டிலிருந்து கடலில் இறக்குங்கள். 'வின்ச்' வந்த கரையிலே வேலை இழந்தவருக்கு வழி செய்யுங்கள். அம்பா அறிந்த முதியோர் உயிரோடு இருக்கையிலேயே அவர்களின் குரலைப் பதிவுசெய்யுங்கள். பாடியவருக்கு உரிய ஊதியத்தையும் அவர் கையிலே கொடுங்கள்.

எழுத்தாள நண்பர்களே, நமக்கும் வேலை இருக்கின்றது. வாடிகளுக்குப் போவோம், அங்கே கேட்பதைக் கொண்டு பாட்டு எழுதுவோம். அது நல்ல பாட்டாக இருந்தால், நாளை இரவு அவன் அதையும் படகிலே போடுவான்.